ஊர் தீர்ப்புக்கு மேலே

தம்பி தங்கராசுக்கு, உன் ஆத்தா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று தொடங்கித்தான் எனக்குப் பழக்கம். இந்தத் தடவை அந்த வார்த்தை பேனாவில் இறங்க மாட்டேன் என்கிறது. ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. உன் ஆராய்ச்சி நூலுக்குச் சர்வகலாசாலையில் பரிசு கொடுக்கும் விழா அடுத்த மாதம் நடக்கப்போகிறது என்றும், அய்யாவும் ஆத்தாவும் முன் வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். கடைசியில், இடம் போதாமல் ஓரத்தில் நுணுக்கி எழுதினது போல, ‘அக்கா விஷயத்தை நேரில் பேசிக்கொள்ளலாம்’ என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்குத்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன். விழாவுக்கு நான் வரவில்லை. வந்து வாயால் சொன்னால் நீ பேசி என்னை மடக்கிவிடுவாய். சின்ன வயதிலிருந்தே பேச்சில் உன்னை ஜெயிக்க இந்த வீட்டில் உன் அக்கா வேலம்மா ஒருத்திதான் இருந்தாள். அவளும் இப்போது இல்லை. இல்லை என்றால் உயிரோடு இல்லை என்று அர்த்தம் இல்லை, பயப்படாதே. எங்கே இருக்கிறாள் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் நடந்ததை நடந்தபடி நீ தெரிந்துகொள்ள வேண்டும். உன் அய்யா உனக்கு எழுதின கடிதங்களில் ‘எல்லாம் சுமுகமாக முடிந்தது’ என்று எழுதியிருப்பார். அவருக்கு அப்படி எழுதத்தான் வரும்.

நான் எழுதினால் புத்தகத்தில் இருப்பதுபோல் இருக்கிறது என்று நீ சிரிப்பாய். ஐந்தாம் வகுப்பு வரை வாத்தியார் அப்படித்தான் எழுதச் சொல்லிக் கொடுத்தார், வேறு மாதிரி எனக்கு வராது. இதை நீ மட்டும் படித்துவிட்டு மடித்து வைக்க வேண்டும் என்றும் இல்லை. உன் மனைவி படிக்கட்டும். உன் பேராசிரியருக்கும் படித்துக் காட்டு. நீ எழுதினதை எங்கள் ஊர் முழுக்கக் கூடி உட்கார்ந்து கேட்டது. நான் எழுதுவதை உன் ஊரில் நாலு பேர் கேட்டால் குற்றமில்லை.

உனக்குப் பரிசு கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம் இல்லை என்று நினைத்துவிடாதே. சந்தோஷப்பட்டேன். நீ பட்டினத்துக்குப் படிக்கப் போன காலத்திலிருந்து உனக்காக வேண்டாத சாமி இல்லை. அரசியல் சாஸ்திரம் என்று நீ சொன்னபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. “யாரு யாருக்கு அடங்கி நடக்கணும், ஏன் நடக்கணும், அதப் படிக்கிறதாத்தா” என்று நீ சொன்னாய். அதைக் கேட்டு வேலம்மா, “அதுக்கு எதுக்குப் பட்டினம் போகணும்? என் மாமியா வீட்டுல வந்து ஒரு மாசம் இருடா” என்றாள். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். இப்போது அதை நினைத்தால் என்னால் சிரிக்க முடியவில்லை.

நூலுக்காக விஷயம் சேகரிக்க நீ கோடையில் வந்து தங்கியிருந்தாயே, அதிலிருந்து தொடங்குகிறேன். இந்தியாவில் கிராமங்கள் தங்களைத் தாங்களே எப்படி ஆண்டுகொண்டன என்பது உன் ஆராய்ச்சி. நம் ஊர் சாவடியில் உனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து தூக்கிவந்த நாற்காலி. நாட்டாண்மை எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நாள் பூராவும் உனக்குச் சொன்னார். வாய்க்கால் தண்ணீருக்காக மேலத்தெருவும் கீழத்தெருவும் வெட்டிக்கொள்ள இருந்ததை ஊர்க்கூட்டம் கூடி எப்படித் தடுத்தது, வரப்புத் தகராறில் பேசாமல் இருந்த அண்ணன் தம்பியை எப்படிக் கட்டிப்பிடிக்க வைத்தது, போலீசும் கோர்ட்டும் இல்லாமல் எத்தனை தலைமுறை நடந்தது என்று. நீ எழுதி எழுதிக் கை வீங்கி வந்தாய். அவர் சொன்னதில் பொய் இல்லை, தம்பி. அந்த அண்ணன் தம்பி கட்டிப்பிடித்து அழுததை நானும் பார்த்தேன். அதனால்தான் எனக்கு இத்தனை வேதனை. அவர் பொய் சொல்லியிருந்தால் உன்னை ஏமாற்றிவிட்டார் என்று மனதைத் தேற்றிக்கொள்வேன்.

ஒரு நாள் நீ சாப்பிட உட்கார்ந்திருந்தபோது வேலம்மா உனக்கு மோர் ஊற்றிக்கொண்டே கேட்டாள். “தம்பி, பொம்பளைக சாவடிப் படி ஏறக்கூடாது. பூவரச மரத்துக்கு அங்கிட்டு நின்னுதான் கேக்கணும். எங்க வழக்கையும் ஒரு ஆம்பளதான் சொல்லணும். அதையும் எழுதுவியா?” என்றாள். நீ, “அது வேற அத்தியாயம் அக்கா” என்று சொல்லிவிட்டு மோரைக் குடித்தாய். நீ அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. நேரமில்லாதவன் சொன்ன பதில் அது. உனக்கு நான் ஏதாவது புத்தி சொல்வதாக இருந்தால் இந்த ஒன்றுதான்: இனி எந்த ஊருக்குப் போய் எதைக் கேட்டாலும், உனக்கு நாற்காலி போட்டவரிடம் மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வந்துவிடாதே.

நீ பட்டினம் திரும்பின வருஷமே ஐப்பசி மழையோடு வந்த குளிர்காய்ச்சலில் வேலம்மாவின் புருஷன் போய்விட்டார். நீ பரீட்சை என்று வரமுடியவில்லை. அவருடைய அண்ணன் குடும்பமும் இவளும் ஒரே வீட்டில் இருந்தார்கள் என்பது உனக்குத் தெரியும். கருமாதி முடிந்ததும் வயலையும் வெற்றிலைக் கொடிக்காலையும் அண்ணன்காரர், வேலம்மாவுக்கு மூத்தார், தன் கைக்குக் கொண்டுபோனார். வேலம்மா தன் புருஷன் பங்கைக் கேட்டாள். “ஒனக்கு இருக்கிறது ஒரு பொட்டப்புள்ள. அதுக்கு எதுக்கு நெலம்? வீட்டுல ஒரு மூலையில கெட, கஞ்சி ஊத்துறோம்” என்றார். கொடிக்காலில் அவர் தம்பி கொத்திப் போட்ட மண்ணை அள்ளி அணைத்தவள் வேலம்மா. வயிற்றில் பொன்னுத்தாயைச் சுமந்துகொண்டு நாற்று நட்டாள். அவளால் மூலையில் கிடக்க முடியுமா?

அவள் பிடிவாதம் உனக்குத் தெரியாததல்ல. நீ உத்தமபாளையத்தில் விடுதியில் தங்கிப் படித்தபோது உனக்குக் காய்ச்சல் கண்டது. கொய்னா மாத்திரையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு அவள் ஒருத்தியாக நடந்து வந்தாள். பெண்பிள்ளையை உள்ளே விடமாட்டேன் என்று விடுதிக்காரர் சொல்லிவிட்டார். “எந் தம்பி உள்ள கெடக்கான். அவன் எந்திரிச்சு வர்ற வரைக்கும் நான் இங்கனயே இருப்பேன்” என்று வாசல் படியில் உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் அந்த மனுஷரே மனசு கேட்காமல் அவளை உள்ளே கூட்டிப்போனார். உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்ததை நீயே எனக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாய்.

முதலில் கோர்ட்டுக்குப் போகவேண்டாம், ஊரில் வைத்துப் பேசுவோம் என்று உன் அய்யா சொன்னார். அவளும் சரி என்றாள். சாவடியில் கூட்டம் போட்டார்கள். இவளுக்காக அய்யா பேசினார். பேசினார் என்றால், இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, “ஊர் பாத்து எது சொன்னாலும் சரி” என்று கும்பிட்டார். வருஷத்துக்கு இவ்வளவு நெல், இருக்க வீட்டில் ஒரு அறை, நிலம் மூத்தாருக்கு என்று தீர்ப்பாயிற்று. வேலம்மா பூவரச மரத்தடியில் நின்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். மறுவாரம் பெரியகுளம் போய் ஒரு வக்கீலைப் பார்த்தாள். விதவைக்குப் புருஷன் பங்கில் உரிமை உண்டு என்று புதிதாகச் சட்டம் வந்திருக்கிறது, வழக்குப் போட்டால் கிடைக்கும் என்று அவர் சொன்னார். வழக்குப் போட்டாள்.

அதே சமயத்தில்தான் உன் பரிசுச் செய்தியும் வந்தது. பத்திரிகையில் டாக்டர் என்று போட்டு உன் பெயர் வந்திருப்பதாகச் சின்னமனூரிலிருந்து ஆள் ஓடிவந்து சொன்னான். கூடவே நீ நாட்டாண்மைக்கு நூலின் பிரதி ஒன்றை அனுப்பியிருந்தாய். முதல் பக்கத்தில் அவருக்கு நன்றி சொல்லியிருந்தாய். அவர் அதைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகக் காட்டினார். மேளம் வைத்தார்கள். உன் படத்தைச் சாவடித் தூணில் மாட்டி மாலை போட்டார்கள். “டாக்டருன்னா ஊசி போடுறவுக இல்லப்பா, அரசாங்கத்துக்கே வைத்தியம் சொல்றவுக” என்று நாட்டாண்மை எல்லாருக்கும் விளக்கம் சொன்னார். பள்ளிக்கூட வாத்தியார் இங்கிலீஷைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொல்லி வந்தார். நம் ஊர் வாய்க்கால், நம் ஊர் சாவடி எல்லாம் அதில் இருந்தது. அய்யா தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் வேலம்மாவும் பூவரச மரத்தடியில் நின்று கேட்டோம். “பாத்தியாத்தா, எந் தம்பிய” என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்ல சேதி கேட்கும்போதெல்லாம் அவளுக்குக் கண் விரியும், அப்படி விரிந்திருந்தது.

முடிவில் வாத்தியார் கடைசி அத்தியாயத்தைப் படித்தார். கோர்ட்டுகளைக் கொண்டுவந்து கிராமத்தின் ஒற்றுமையைக் கெடுத்தவன் வெள்ளைக்காரன். அவன் போய்விட்ட பிறகு கிராமம் தன் நியாயத்தைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். ஊர்க்கூட்டத்தின் தீர்ப்புக்கு மேலே கோர்ட்டில் முறையீடு இருக்கக் கூடாது. இது உன் முடிவு. ஊரே கை தட்டியது. என் கையைப் பிடித்திருந்த அவள் கை மெதுவாக விலகியது. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் மூத்தாருக்குச் சம்மன் வந்தது. அன்றே கூட்டம் கூட்டினார்கள். வேலம்மாவைச் சாவடிக்குக் கீழே நிறுத்திக் கேட்டார்கள்.

“ஏத்தா, ஊரு ஒரு தீர்ப்புச் சொல்லிருக்கு. அத மதிக்காம நீ கோர்ட்டுக்குப் போயிருக்க. அப்ப ஊருக்கு என்ன மரியாத?” என்றார் நாட்டாண்மை.

“எம் புருஷன் பங்க ஊரு எனக்குக் குடுத்திருந்தா நான் ஏன் போறேன்?”

“நீ பேசாத. ஒங்க அய்யா பேசட்டும்.”

“அவுக பேச மாட்டாக. நாந்தான் பேசணும்.”

சாவடியில் ஒரு முணுமுணுப்பு. நாட்டாண்மை கோபப்படவில்லை. தன் பக்கத்தில் வைத்திருந்த உன் நூலை எடுத்தார். “வாத்தியாரே, அந்தக் கடைசிப் பக்கத்த இன்னொருக்கா வாசிங்க” என்றார். வாத்தியார் தயங்கினார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு படித்தார். “கேட்டியா? சொன்னது நான் இல்ல. ஒங்கூடப் பெறந்தவன். படிச்சவுக எல்லாம் கூடி, இதுதான் சரின்னு பரிசு குடுத்திருக்காக. நீ எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சிட்டு வந்து இல்லைங்கிற?”

வேலம்மா அந்த நூலைப் பார்த்தாள். பிறகு, “எந் தம்பி இங்கன வந்து எம் மொகத்தப் பாத்துச் சொல்லட்டும். அவன் சொன்னா வழக்க எடுத்துக்கிறேன்” என்றாள்.

ஊர் அதை ஒப்புக்கொண்டது. நான் உனக்கு எழுதினேன். ஒரு நாள் வந்துவிட்டுப் போ, நீ ஒரு சொல் சொன்னால் அவளுக்கு வழி பிறக்கும் என்று கெஞ்சி எழுதினேன். நீ வந்து அவள் பக்கம் நிற்பாய் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சாவடியில் உனக்கு எதிரே பேச யாருக்கும் வாய் வராது என்று எண்ணியிருந்தேன். உன் பதில் வந்தது. அதை நான் மனப்பாடமாகவே வைத்திருக்கிறேன். ‘சட்டப்படி அக்காவுக்குப் பங்கு உண்டு என்பது எனக்குத் தெரியும். ஆனால் என் சொந்த அக்காவே ஊர்த் தீர்ப்பை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனாள் என்று இந்த நேரத்தில் வெளியே தெரிந்தால், பரிசுக் குழுவில் என்னை எதிர்த்தவர்களுக்கு அது ஒன்றே போதும். இப்போதைக்கு வழக்கை வாபஸ் வாங்கச் சொல்லுங்கள். பிறகு நான் வந்து நிதானமாக முடித்துத் தருகிறேன்.’

அவளுக்கு அதை நான் படித்துக் காட்டினேன். பாதியை விட்டுவிட்டுப் படித்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

“எனக்குப் பங்கு உண்டுன்னு அவனுக்குத் தெரியும்னு எழுதிருக்கானா?”

“ஆமாத்தா.”

“தெரியாம எழுதிட்டான்னு நெனச்சேன்” என்றாள். அவ்வளவுதான். முறத்தை இறக்கி வைத்துவிட்டு எழுந்து போனாள்.

நீ வந்து முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆகவே வழக்கை வாபஸ் வாங்க வேண்டிய கட்டாயம் அவளுக்கு இல்லை. அப்படியும் பெரியகுளம் போய் எடுத்துவிட்டு வந்தாள். உன் பரிசுக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்றுதான் எடுத்தாள், வேறு எதற்கும் இல்லை. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் ஊர் அத்தோடு விடவில்லை. கோர்ட்டுக்குப் போனது போனதுதான், சாவடி முன்னால் விழுந்து ஊரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார்கள். “வழக்க எடுத்துட்டேன். விழ மாட்டேன்” என்றாள். அவளை ஊரிலிருந்து ஒதுக்கி வைத்தார்கள். கடையில் அவளுக்கு உப்புக் கொடுக்கக் கூடாது, கிணற்றில் இறங்கக் கூடாது, அவளோடு யாரும் பேசக் கூடாது, அவளை வீட்டுக்குள் சேர்க்கிறவர்களுக்கும் அதே கதி. மூத்தார் அவள் பெட்டியையும் பானையையும் தெருவில் எடுத்து வைத்தார். ஊருக்கு வெளியே களத்தோரம் இருந்த வைக்கோல் கொட்டகையில் பிள்ளையோடு போய்க் குடியேறினாள். உன் அய்யா ஊர் முன்னால் போய், அவளுக்கும் தனக்கும் ஒட்டுறவு இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார். வந்து சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றைத் தொடவில்லை. நான் அவரை இன்னும் வெறுக்கவில்லை. எழுபது வீட்டுக்காரர்களோடு பிறந்து வளர்ந்த மனுஷர், அவர்களை விட்டு ஒரு நாள் வாழத் தெரியாது அவருக்கு.

பொன்னுத்தாய்க்குக் காய்ச்சல் வந்தது அந்தக் கார்த்திகையில். முதலில் விட்டு விட்டு வந்தது. பிறகு விடவே இல்லை. கை கால் வெட்டி இழுக்கத் தொடங்கியதும் வேலம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நம் வாசலுக்கு வந்துவிட்டாள். நல்ல வெயில் நேரம், தெருவெல்லாம் ஆள். எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே வரவில்லை அவள். வெளியில் நின்று, “அய்யா, வண்டிய மட்டும் குடுங்க. நானே ஓட்டிக்கிட்டுச் சின்னமனூரு ஆஸ்பத்திரிக்குப் போறேன்” என்றாள். அய்யா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் போய் மாட்டை அவிழ்த்தேன். அவர் எழுந்து வந்து என் கையோடு கயிற்றைப் பிடித்துக்கொண்டார். “வண்டி இந்த வாசலத் தாண்டுச்சுன்னா, நாளைக்கு எம் பொணத்தத் தூக்க ஒருத்தன் வரமாட்டான்” என்று அழுதார். ஆம், அழுதார். ஒரு முனையை அவரும் ஒரு முனையை நானுமாக இழுத்துக்கொண்டு நின்றோம். வேலம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். “விடு ஆத்தா” என்றாள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தாள்.

நான் கயிற்றைப் போட்டுவிட்டு அவள் பின்னால் ஓடினேன். பிள்ளையை என்னிடம் கொடு என்று கேட்டேன், கொடுக்கவில்லை. வழியில் மார்க்கையன்கோட்டைப் பக்கத்து வண்டி ஒன்று வந்தது. நம் ஊரைப் பற்றி அறியாத ஆள், ஏற்றிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் டாக்டர் பிள்ளையின் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “ஏம்மா இவ்வளவு தாமதமா கொண்டு வந்தீங்க?” என்றார். உயிர் தப்பியது. ஒரு வாரம் கழித்து, கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த பித்தளைத் தட்டு என் கை பட்டுக் கீழே விழுந்தது. வார்டே திடுக்கிட்டுத் திரும்பியது. பொன்னுத்தாய் மட்டும் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். வேலம்மா குனிந்து அந்தத் தட்டை எடுத்தாள். பிள்ளையின் தலைக்குப் பின்னால் அதை மறுபடியும் தட்டினாள். மறுபடியும் தட்டினாள். காய்ச்சலில் காது போயிருக்கிறது, இனி வராது என்று டாக்டர் சொன்னார்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் ஊருக்குத் திரும்பவில்லை. மேகமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் எடுக்கும் கங்காணி ஒருவர் சின்னமனூரில் தங்கியிருந்தார். அவரிடம் பெயர் கொடுத்துவிட்டுப் பிள்ளையோடு மலை ஏறிவிட்டாள். என்னை வீட்டுக்குப் போகச் சொன்னாள். நான் வந்தேன். அவள் பின்னால் போனதற்காக என்னையும் கூட்டத்தில் நிறுத்தினார்கள். அய்யா எனக்காக விழுந்து கும்பிட்டு முடித்துவைத்தார். உன் தாயாராயிற்றே என்று ஊர் என்னைப் பெரிய மனது பண்ணி மன்னித்தது.

உன் அழைப்பு வந்தவுடன் நான் மேகமலைக்குப் போய்வந்தேன். தோட்டத்து லாரி கொஞ்ச தூரம் ஏற்றிக்கொண்டது, மீதியை நடந்தேன். மழையும் அட்டையுமாக ஒரு பாதை. வரிசையாகத் தகரக் கூரை போட்ட லயன் வீடுகள், அதில் ஒரு அறை அவளுக்கு. நான் போனபோது அவள் கொழுந்து பறிக்கப் போயிருந்தாள். கதவு சாத்தியிருந்தது. இடுக்கு வழியாகப் பார்த்தேன். பொன்னுத்தாய் உள்ளே உட்கார்ந்திருந்தாள். அவள் இடுப்பில் பழைய சேலையைக் கட்டி, அதன் மறுமுனையைத் தூணில் கட்டியிருந்தது. வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு கொட்டகை இருக்கிறதாம். ஆனால் யார் கூப்பிட்டாலும் காதில் விழாமல் இவள் சரிவுப் பக்கம் போய்விடுகிறாள் என்று அங்கே சேர்க்க மறுத்துவிட்டார்களாம். பக்கத்து வீட்டு மலையாளத்துப் பெண் சொன்னாள். நான் வெளியே நின்று “பொன்னு, பொன்னு” என்று கூப்பிட்டேன். என் பேத்தி முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் ஏதோ கீறிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்காது என்று தெரிந்தும் கூப்பிட்டுக்கொண்டே நின்றேன்.

சாயங்காலம் வேலம்மா வந்தாள். “வாங்க” என்றாள். தூரத்துச் சொந்தத்தைக் கூப்பிடுவது போல இருந்தது. கஞ்சி காய்ச்சி ஊற்றினாள். கை விரலெல்லாம் கறுத்து வெடித்திருந்தது. நான் அழுததற்கு அவள் அழவில்லை.

“தம்பிக்குப் பரிசு குடுத்துட்டாகளா?” என்று கேட்டாள்.

“அடுத்த மாசமாம்.”

“நல்லா இருக்கட்டும்.”

“ஏத்தா, கோவம் இருந்தா திட்டிரு. மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டு இருக்காத” என்றேன்.

“கோவம்லாம் இல்ல. காலையில சங்கு ஊதுனா ஓடணும். சாயந்தரம் வந்தா இவளப் பாக்கணும். அதுக்கு மேல எதுக்கும் எனக்குத் தெம்பில்ல.”

“தம்பியே வந்து கூப்பிட்டான்னா வருவியா?”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “எங்க?” என்றாள்.

நான் அதற்கு இன்றுவரை பதில் தேடுகிறேன். உன் பட்டினத்து வீடா, மூத்தார் பூட்டின வீடா, கயிற்றை இழுத்துப் பிடித்த எங்கள் வீடா? நீ படித்தவன், உனக்கு ஏதாவது தோன்றுகிறதா?

பரிசைத் திருப்பிக் கொடு என்று நான் சொல்ல மாட்டேன். நீ கொடுத்தால் இன்னொருவனுக்குக் கொடுப்பார்கள், அவனுக்கும் ஒரு அக்கா இருப்பாள். மூத்தார் நிலத்தைத் தன் மகன்கள் பெயருக்கு எழுதிவைத்துவிட்டார். நீ இனி வழக்குப் போட்டாலும் அவள் வந்து கையெழுத்துப் போட மாட்டாள். பிள்ளைக்குக் காது வராது. நீ எழுதினதை நீயே தப்பு என்று நாளைக்கு எழுதினாலும், அதை இந்த ஊரில் யாரும் மேளம் வைத்துப் படிக்கப் போவதில்லை. எதையும் சரிசெய்ய உனக்கு ஒரு வழி இருக்கிறது என்று எழுதத்தான் இத்தனை நாள் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெற்றவள் அதைத்தானே எழுத வேண்டும். ஒன்றும் தென்படவில்லை, தம்பி.

அய்யாவும் நாட்டாண்மையும் புதுச் சட்டை தைத்துவிட்டார்கள். மதுரைக்குப் பஸ்ஸில் போய் அங்கிருந்து ரயில் ஏறுகிறார்கள். அக்காவின் மூத்தாரும் கூட வருகிறார், பட்டினம் பார்த்ததில்லையாம். அவர்களுக்குத் தங்க இடம் பார்த்து வை. அய்யாவுக்குக் கண் சரியில்லை, படி இறங்கும்போது கையைப் பிடித்துக்கொள். அவரைக் கடிந்து எதுவும் கேட்டுவிடாதே. தாங்கமாட்டார்.

அவர்கள் கிளம்பின மறுநாள் நான் மேகமலைக்குப் போகிறேன். திரும்பி வருகிற எண்ணம் இல்லை. அய்யாவிடம் சொல்லிவிட்டேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. இந்த வயதில் என்னைக் கொழுந்து பறிக்கச் சேர்க்க மாட்டார்கள். நான் அந்த அறையில் பிள்ளையோடு உட்கார்ந்திருப்பேன். அந்தச் சேலையை அவிழ்த்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெளியில் வெயிலில் நடக்க வைப்பேன். அதற்கு ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். வேலம்மா என்னை வரச் சொல்லவில்லை. அவள் காய்ச்சுகிற கஞ்சியில் எனக்குப் பங்கு கேட்க எந்த முகமும் எனக்கு இல்லை. போய் நின்று பார்க்கிறேன்.

நீ அங்கே வராதே. வந்தால் அவள் உன்னைத் திட்டமாட்டாள், கதவைச் சாத்தமாட்டாள். தன் பங்குக் கஞ்சியை உனக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு, விழா எப்படி நடந்தது என்று விசாரிப்பாள். அதைக் கேட்டுவிட்டு நீ எப்படி மலை இறங்குவாய் என்று எனக்குத் தெரியவில்லை.

உன் ஆத்தா